மகளுக்கு "இரண்டு ஆண்டுகள் கட்டணமில்லை" என்று கல்லூரிக் கடிதம் வந்திருக்கிறது: எதுவரை இலவசம்?

ஃப்ரீமான்ட் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகள் வரும் ஜூன் மாதம் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கிறாள். அவள் பெரிதும் விரும்பிய இரண்டு யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகங்களில் இடம் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரு வளாகமோ வீட்டிலிருந்து வெகு தொலைவில் இருப்பதால், கட்டணத்தோடு விடுதியும் சாப்பாடும் சேர்ந்து ஆண்டுக்கு நாற்பதாயிரம் டாலரைத் தாண்டுகிறது. இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த வேளையில்தான், உள்ளூர்ப் பள்ளிகளில் படித்து முடிப்பவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் கட்டணம் கிடையாது என்று எங்கள் வட்டாரத்தில் இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசு சமுதாயக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது.

மகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உயிரியல் படித்து, இரண்டு ஆண்டுகள் கழித்து யூசிக்கு மாறிக்கொள்வதாகச் சொல்கிறாள். என் மனைவிக்கு அரை மனதுதான். பாளையங்கோட்டையிலிருந்து தொலைபேசியில் பேசிய என் மாமனார், "பிள்ளையை அமெரிக்காவில் பெற்று வளர்த்து, கடைசியில் பாலிடெக்னிக்கிலா சேர்க்கப் போகிறீர்கள், மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டார்.

நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறோம். வருமானம் குறைந்தவர்களுக்கான உதவி எதற்கும் எங்கள் குடும்பம் இதுவரை தகுதி பெற்றதில்லை. அப்படியிருக்க, இந்தச் சலுகை எங்களுக்கும் உண்டு என்று கடிதத்தில் இருப்பதை நம்பலாமா? மறைந்து நிற்கும் நிபந்தனைகள் எவை? யூசிக்கு மாறும்போது இந்த வழியாக வந்தவள் என்பதால் அவளுக்குக் குறைவு ஏதும் நேருமா? இந்தப் பாதையில் நடந்து பார்த்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். மகள் இங்கேயே பிறந்தவள் என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன்.

உதவி மேசை எழுதியது:

வணக்கம் ஐயா. நான் கலிஃபோர்னியச் சமுதாயக் கல்லூரி ஒன்றின் மாணவர் உதவிப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவள். கடிதத்தை நீங்கள் நம்பலாம். ஆனால் அதன் தலைப்பை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது.

கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் 1984 வரை மாநில வாசிகளுக்குப் பதிவுக் கட்டணமே கிடையாது. அதன் பிறகு சிறிது சிறிதாக ஏறி, 2012 கோடைக்காலம் முதல் யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர் என்று நிற்கிறது. கூப்பர்டினோவின் டி ஆன்சா போன்ற, செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களில் நடத்தும் குவார்ட்டர் முறைக் கல்லூரிகளில் அது 31 டாலர். ஆக, இப்போது புதுமையாகப் பேசப்படும் இலவசம் ஒருவகையில் பழைய வழக்கம் பாதியளவு திரும்பி வந்ததுதான். 2017இல் நிறைவேறிய ஏபி 19 என்ற சட்டம் முதலாண்டுக்கும், 2019இல் நிறைவேறிய ஏபி 2 என்ற சட்டம் இரண்டாம் ஆண்டுக்கும் இதற்கு வழி செய்தன. இந்தத் திட்டத்தில் குடும்ப வருமானத்துக்கு உச்சவரம்பு இல்லை. எனவே உங்கள் மகளுக்கு இது கிடைக்கும்.

இங்கே பலரும் குழம்பும் ஓர் இடம் உண்டு. "கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட்" என்பது வேறு. அது முன்பு போர்டு ஆஃப் கவர்னர்ஸ் கட்டண விலக்கு என்று வழங்கிவந்த, வருமானம் பார்த்துத் தரப்படும் உதவி. உங்களுக்கு வந்திருப்பது வருமானம் பார்க்காத "பிராமிஸ்" திட்டம். பெயர் வைத்தவர்கள் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்! முதலாவதற்குத் தகுதியில்லை என்று எங்கள் மேசையில் பதில் கேட்டுவிட்டு, இரண்டாவதைக் கேளாமலே திரும்பிப் போன பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நிபந்தனைகள் மூன்றுதான் முக்கியம். மாணவர் கல்லூரிக்கு முதன்முறையாக வருபவராக இருக்க வேண்டும். பள்ளியில் இருக்கும்போதே எடுத்த கல்லூரிப் பாடங்கள் இதைக் கெடுக்கா. செமஸ்டருக்குக் குறைந்தது 12 யூனிட் எடுக்க வேண்டும். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் ஃபாஃப்சா என்ற கூட்டாட்சி அரசின் கல்வி உதவி விண்ணப்பப் படிவத்தை அனுப்பியிருக்க வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த மூன்றாவதில்தான். "எங்களுக்கு எப்படியும் ஒன்றும் தரமாட்டார்கள்" என்று படிவத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. மாநிலம் கொடுக்கும் பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதைப் பெரும்பாலும் கல்லூரியே முடிவு செய்வதால், புத்தக உதவி உண்டா, கோடை வகுப்புக்கும் பொருந்துமா, கவுன்சிலரை எத்தனை முறை பார்க்க வேண்டும் என்பவை கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

இனிக் கணக்குக்கு வருவோம். செமஸ்டருக்கு 15 யூனிட் என்றால் 690 டாலர்; இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து 2,760 டாலர். இந்தத் திட்டம் உங்களுக்கு மிச்சப்படுத்துவது இவ்வளவே. மாணவர் நலக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம், புத்தகம், ஆய்வகக் கண்ணாடி, மேலங்கி ஆகியவை பெரும்பாலும் உங்கள் கைக்காசு. இரண்டு ஆண்டுகள் வீட்டில் சாப்பிட்டு, வீட்டில் உறங்கிப் படிப்பதால் மிச்சமாகும் பணம்தான் பெரியது. அது இலவசம் இல்லாமலேயே உங்களுக்குக் கிடைக்கக்கூடியது. என்னைக் கேட்டால், 12 யூனிட் எடுத்தே தீர வேண்டும் என்று பிள்ளையைக் கட்டிப்போடுவதே இத்திட்டத்தின் பெரிய நன்மை. ஒன்றிரண்டு பாடங்களாக எடுத்து, பகுதி நேர வேலையும் பார்த்துக்கொண்டு, இரண்டு ஆண்டு நான்கு ஆண்டாக நீண்டு, கடைசியில் டிரான்ஸ்ஃபர் ஆகாமலே நின்றுபோன பிள்ளைகள்தாம் எங்கள் மேசைக்கு அதிகம் வந்தார்கள்.

இருவருக்குத் தாய் எழுதியது:

மேலே எழுதியிருக்கும் சகோதரி சொன்ன 12 யூனிட் விதியில்தான் என் மூத்த மகன் அடிபட்டான் என்பதால், அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கல்லூரியின் பெயர் வேண்டாம். முதல் செமஸ்டர் நன்றாகவே போயிற்று. இரண்டாவதில் கால்குலஸ் 5 யூனிட், வேதியியல் 5 யூனிட், ஆங்கிலம் 3 யூனிட் என்று மொத்தம் 13 எடுத்திருந்தான். வேதியியலில் இரண்டு தேர்வுகள் சரியாகப் போகவில்லை என்றதும், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஏழாவது வாரத்தில் இணையத்திலேயே அந்த வகுப்பைக் கைவிட்டுவிட்டான். மதிப்பெண் பட்டியலில் "டபிள்யூ" என்று ஓர் எழுத்து விழுவதோடு முடிந்துவிடும் என்று நண்பன் சொன்னானாம். அன்றிரவே அவனுடைய கணக்கு 13இலிருந்து 8க்கு இறங்கிவிட்டது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

கல்லூரி எச்சரிக்காமல் இல்லை. இரண்டு மின்னஞ்சல்கள் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டும் அவன் திறந்தே பார்க்காத கல்லூரி முகவரிக்குப் போய்க் கிடந்தன. அடுத்த ஆகஸ்டு மாதம் 598 டாலருக்குக் கட்டண அறிவிப்பு வந்தபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. நான் உடனே தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில் இருந்த பெண் மிகவும் பணிவாக, மாணவரின் எழுத்துவழி ஒப்புதல் இல்லாமல் எதையும் சொல்ல இயலாது என்று விட்டார். கல்லூரியில் சேர்ந்த நாள் முதல், மாணவருக்குப் பதினெட்டு வயது ஆகாவிட்டாலும், கல்விப் பதிவுகள் மீதான உரிமை அவருக்கே உரியது என்பது கூட்டாட்சிச் சட்டம். பள்ளியில் ஒரு வீட்டுப்பாடம் விடுபட்டாலும் அன்று மாலையே நம் கைப்பேசிக்குச் செய்தி வந்து பழகிய நமக்கு, இந்தக் கதவு சாத்தப்படுவது பெரிய அதிர்ச்சி.

598 டாலர் எங்களை முடக்கிவிடவில்லை. ஆனால் அந்த வேதியியலை முடித்தால்தான் அடுத்த வேதியியல், அதை முடித்தால்தான் கரிம வேதியியல் என்று சங்கிலியாக இருந்ததால், ஒரு வகுப்பைக் கைவிட்டது ஓர் ஆண்டைத் தின்றுவிட்டது. மூன்றாம் ஆண்டின் முடிவில்தான் அவனால் மாற முடிந்தது. உங்கள் மகளும் உயிரியல் என்கிறீர்கள். அவளுக்கும் இதே சங்கிலிதான் காத்திருக்கிறது. எனவே 12க்குச் சரியாக 12 எடுக்காமல், ஒரு பாடம் நழுவினாலும் 12க்குக் கீழே போகாதபடி 15 அல்லது 16 யூனிட்டாக எடுக்கச் சொல்லுங்கள். பாரம் தாங்கவில்லை என்றால் அறிவியல் பாடத்தைத் தொடாமல் மற்றதைக் கைவிடட்டும்.

நாஷ்வில் பக்கம் எழுதியது:

நான் டென்னசி மாநிலத்தில் இருக்கிறேன். கேள்வி கலிஃபோர்னியாவைப் பற்றியது என்றாலும், எங்கள் மாநிலத்து நடைமுறையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுடையது எவ்வளவு தளர்வானது என்பது விளங்கும்.

"டென்னசி பிராமிஸ்" திட்டத்தை அன்றைய ஆளுநர் பில் ஹஸ்லம் 2014இல் அறிவித்தார். 2015இல் பள்ளியை முடித்தவர்கள் முதல் அணியாகச் சேர்ந்தார்கள். பணம் மாநில லாட்டரி நிதியிலிருந்து வருகிறது. இங்கேயும் வருமான வரம்பு கிடையாது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே நவம்பர் 1ஆம் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஃபாஃப்சா அனுப்ப வேண்டும், கட்டாயக் கூட்டத்துக்குப் போக வேண்டும், பள்ளியை முடித்த அதே இலையுதிர் பருவத்தில் முழுநேர மாணவராகச் சேர வேண்டும், ஒவ்வொரு பருவத்துக்கும் 8 மணி நேரம் சமூகத் தொண்டு செய்து கணக்குக் காட்ட வேண்டும், மதிப்பெண் சராசரி 4க்கு 2.0க்குக் குறையக் கூடாது. இவற்றில் ஒரு தேதியைத் தவறவிட்டாலும் அவ்வளவுதான். என் மகள் நூலகத்தில் புத்தகம் அடுக்கியே தன் 8 மணி நேரத்தை ஒவ்வொரு முறையும் முடித்தாள். முதல் பருவத்தில் மட்டும் கடைசி வாரம் வரை தள்ளிப்போட்டு, எங்கள் தூக்கத்தைக் கெடுத்தாள்.

இன்னொரு வேறுபாடு பணம் பாயும் வரிசையில் இருக்கிறது. இங்கே வருமானம் குறைந்த மாணவர்களுக்குக் கூட்டாட்சி அரசு தரும் பெல் கிராண்ட், மாநில ஹோப் உதவித்தொகை முதலியவற்றையெல்லாம் முதலில் கட்டணத்தில் கழித்துவிட்டு, மிச்சம் இருப்பதை மட்டும் பிராமிஸ் கட்டும். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பெல் பணமே கட்டணத்தை அடைத்துவிடுவதால், பிராமிஸிலிருந்து ஒரு காசுகூடக் கிடைக்காமல் போவதும் உண்டு. கலிஃபோர்னியாவிலோ அத்தகைய பிள்ளைக்கு மாநிலம் முதலில் கட்டணத்தையே நீக்கிவிடுவதால், பெல் பணம் புத்தகத்துக்கும் பேருந்துக்கும் வாடகைக்கும் கையில் தங்குகிறது. உங்களைப் போன்ற குடும்பத்துக்கு இதனால் நேரடிப் பயன் இல்லைதான். ஆனாலும் இரண்டு மாநிலங்களும் "இலவசம்" என்ற ஒரே சொல்லை எப்படி வெவ்வேறாகப் புரிந்துகொள்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் மாநிலத்தில் யூனிட் கட்டணம் உங்களுடையதைப் போல மும்மடங்குக்கும் மேல் என்பதால், இலவசத்தின் எடை இங்கே கூடுதல் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஃப்ரீமான்ட் வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. உதவி மேசை அம்மா எழுதியதைப் படித்ததும் ஃபாஃப்சாவைத் தேடிப் போனேன். நவம்பர் மாதம் பள்ளியிலிருந்து வந்த ஒரு தாளில், ஃபாஃப்சாவுக்கு விண்ணப்பிக்க விருப்பமில்லை என்று நானே கையொப்பமிட்டுக் கொடுத்திருப்பது தெரியவந்தது. அது ஏதோ பள்ளிச் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். இனி வழியே இல்லையா?

கூடவே இன்னொரு கேள்வி. என் தம்பி சென்ற ஆண்டு மார்ச் மாதம் டெக்சாஸிலிருந்து இங்கே வேலை மாறி வந்தான். அவன் எச்-1பி வேலை விசாவிலும், பதினோராம் வகுப்பில் படிக்கும் அவன் மகன் அதைச் சார்ந்த குடும்பத்தினருக்கான எச்-4 விசாவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்துமா?

உதவி மேசை எழுதியது:

பதற வேண்டாம் ஐயா. பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர்கள் ஃபாஃப்சாவையோ, குடியேற்ற ஆவணமில்லாத மாணவர்களுக்கான மாநிலத்தின் டிரீம் ஆக்ட் விண்ணப்பத்தையோ அனுப்ப வேண்டும், இல்லையேல் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் 2022-23 கல்வியாண்டு முதல் பள்ளிகளைக் கேட்கிறது. நீங்கள் கையொப்பமிட்டது அந்தத் தாளில்தான். அது பள்ளியின் கணக்குக்கு மட்டும் உரியது. ஃபாஃப்சாவை நீங்கள் இன்றைக்கே நிரப்பலாம். மகளுக்கு ஒரு கணக்கு, பெற்றோருக்குத் தனிக் கணக்கு என்று இருக்கும். ஒருவர் மற்றவருக்காகத் திறக்கக் கூடாது. மார்ச் 2 என்ற தேதி "கால் கிராண்ட்" என்ற மாநில உதவித்தொகைக்கு உரியது; உங்கள் வருமானத்துக்கு அது எப்படியும் பொருந்தாது என்பதால், அது கடந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். பிராமிஸுக்குக் கல்லூரி என்ன தேதி வைத்திருக்கிறது என்பதை மட்டும் கடிதத்தில் பாருங்கள்.

தம்பி மகனின் நிலை வேறு. அங்கே இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று திறக்கும், மற்றொன்று திறக்காது. எச்-4 விசாவில் இருப்பவர் கலிஃபோர்னியாவின் வாசியாகத் தன்னை நிலைநாட்டிக்கொள்ளத் தடையில்லை. மாணவருக்கான எஃப்-1 விசாவில் வருபவருக்குத்தான் அது இயலாது. பருவம் தொடங்கும் முன் ஓராண்டும் ஒரு நாளும் இங்கே குடியிருந்திருக்க வேண்டும். வரித் தாள், வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றைச் சான்றாகக் கேட்பார்கள். அவன் கல்லூரிக்கு வரும் நேரத்தில் அந்தக் காலம் கடந்திருக்கும் என்பதால், யூனிட்டுக்கு 46 டாலர் என்ற கட்டணத்திலேயே படிக்கலாம். வெளிமாநிலத்தவருக்கான கட்டணம் பல கல்லூரிகளில் யூனிட்டுக்கு 300 டாலருக்கும் மேல் என்பதைப் பார்த்தால், திறக்கும் கதவு சிறியதன்று.

திறக்காத கதவு ஃபாஃப்சா. குடிமக்களும் கிரீன் கார்டு உள்ளவர்களும் இன்னும் சில வகையினரும் மட்டுமே அதை நிரப்ப முடியும். எச்-4 அந்த வகைகளில் இல்லை. ஆகவே ஃபாஃப்சாவை நிபந்தனையாகக் கேட்கும் எந்த பிராமிஸும் அவனுக்குக் கிடைக்காது. இதைவிடப் பெரிதாக அவர்கள் நினைவில் வைக்க வேண்டியது, 21 வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பது. இரண்டும் இரண்டும் நான்கு ஆண்டுகள் என்று திட்டமிட்டால், அந்தப் பிறந்தநாள் யூசியில் படிக்கும்போது வந்து நிற்கும். வழக்கறிஞர் ஒருவரிடம் இப்போதே பேசுவது நல்லது.

பழைய மாணவி எழுதியது:

யூசிக்கு மாறுவது குறித்து யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லை. நான் சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து, யூசி டேவிஸுக்கு மாறிப் பட்டம் பெற்றவள். பட்டச் சான்றிதழில் டேவிஸின் பெயர் மட்டுமே இருக்கிறது. தாத்தாவிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

மாறுவதற்கு 60 செமஸ்டர் யூனிட் தேவை. அவை எவையாகவும் இருக்கலாம் என்பதில்லை. "அசிஸ்ட்" என்ற மாநில இணையதளத்தில் உங்கள் கல்லூரியையும், போக விரும்பும் வளாகத்தையும், துறையையும் தேர்ந்தெடுத்தால், இங்கே படிக்கும் எந்தப் பாடம் அங்கே எதற்கு ஈடு என்று வரிக்கு வரி காட்டும். கவுன்சிலர் சொன்னாலும் நான் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பதிவு செய்தேன். ஒருமுறை அவர் பழைய பட்டியலைப் பார்த்து எழுதிக் கொடுத்த பாடம் டேவிஸில் செல்லாது என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், குறிப்பிட்ட பாடங்களையும் சராசரியையும் எட்டினால் இடம் நிச்சயம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும். இதற்கு "டேக்" என்று பெயர். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ ஆகியவை இதில் இல்லை. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் டேக் கேட்கலாம். செப்டம்பர் மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். இரண்டு ஆண்டில் மாற நினைப்பவருக்கு அந்தச் செப்டம்பர் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அதற்குள் 30 யூனிட்டை முடித்திருந்தேன். 12 யூனிட் வீதம் எடுத்தால் இரண்டு செமஸ்டரில் 24தான் ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிராமிஸுக்குப் போதுமான 12 டேக்குக்குப் போதாது. கோடை வகுப்பு வேண்டும், அல்லது மேலே இருவருக்குத் தாய் சொன்னபடி 15 வேண்டும்.

உயிரியலுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வேதியியல் ஆய்வக வகுப்புகள் பதிவு திறந்த ஒரு நாளிலேயே நிரம்பிவிடும். புது மாணவர் அறிமுக வகுப்பையும் கல்வித் திட்டத்தையும் முன்கூட்டியே முடித்தவர்களுக்குப் பதிவில் முன்னுரிமை கிடைக்கும்; என் தோழி அதைச் செய்யாமல் விட்டு, காத்திருப்போர் பட்டியலில் பதினான்காம் ஆளாக நின்றாள். பள்ளி முடிந்த கையோடு, ஜூன் மாதத்துக்குள், உங்கள் மகள் அந்த இரண்டையும் செய்துவிடட்டும். வகுப்பு அட்டவணையில் புத்தகச் செலவு இல்லை என்ற குறி போட்ட பிரிவுகளையும் பார்க்கச் சொல்லுங்கள்; நான் கவனிக்காமல் பதிவு செய்த ஒரு வகுப்புக்கு இணையவழி வீட்டுப்பாடக் குறியீடு வாங்கவே நூறு டாலருக்கு மேல் ஆயிற்று.

ஃப்ரீமான்ட் வாசி எழுதியது:

ஃபாஃப்சா நேற்றிரவு அனுப்பியாயிற்று. அசிஸ்ட் தளத்தை மகளே திறந்து, வேதியியல் வரிசையைத் தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறாள். முதல் செமஸ்டருக்கு 15 யூனிட் என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறாள். கல்லூரி மின்னஞ்சலைத் தன் கைப்பேசியில் சேர்க்கச் சொன்னபோதுதான் சற்று முகம் சுளித்தாள். இருவருக்குத் தாய் அவர்களே, பதிவுகளைப் பெற்றோர் பார்ப்பதற்கான ஒப்புதல் படிவத்தை உங்கள் மகன் பிறகாவது எழுதிக் கொடுத்தானா?

இருவருக்குத் தாய் எழுதியது:

இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு பருவமும் அட்டவணையை அவனே என்னிடம் கொண்டுவந்து காட்டினான்.